பரம்பரைச் சிறுநீரக நோய் ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் கோபி மாணவிக்கு

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ஈரோட்டில் பி.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் கடைசி ஆண்டு படிக்கிறார். அவருடைய அப்புச்சி (அம்மாவின் அப்பா) டயாலிசிஸில் இருந்து இறந்துபோனார். அம்மாவுக்கு இப்போது இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள். அப்பாவும் அம்மாவும் மாமன் மகன், அத்தை மகள் முறை. சொந்தத்தில் கட்டியதால்தான் இந்த நோய் என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள். இந்த நோயையே ஆராய்ச்சி செய்ய வேண்டும், எங்கே படிப்பது, எவ்வளவு காலம் ஆகும், விண்ணப்பத்தில் அம்மாவைப் பற்றி எழுதலாமா என்பவை அவர் கேட்டவை. ‘எவ்வளவு காலம்’ என்பதற்குள் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: அம்மாவுக்கு ஆகிற மருந்தை நானே கண்டுபிடித்துவிட முடியுமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் காங்கேயம் பக்கத்துக்காரன். இத்தகைய குடும்பங்களின் ரத்த மாதிரிகளையும் அவற்றிலிருந்து கிடைக்கும் மரபணு வரிசைகளையும் பார்த்தே தலை நரைத்தவன். மருத்துவன் அல்லன், நான் சொல்வது எதையும் சிகிச்சை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மணி, ஒளிக்காமல் சொல்கிறேன்: இன்று நீங்கள் தொடங்கும் ஆராய்ச்சியிலிருந்து உங்கள் அம்மாவுக்கு மருந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு உதவப்போகிறவை ஏற்கெனவே இருக்கின்றன: ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, ஒரே சிறுநீரக மருத்துவரின் தொடர்ந்த கவனிப்பு, பிற்காலத்தில் தேவைப்பட்டால் மாற்றுச் சிறுநீரகம். உங்களைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்காக என்று இந்தத் துறைக்கு வந்து, முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் எலிக்கூண்டுகளுக்கு நடுவே மனம் உடைந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காலக்கணக்கை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும், பெற்றோரில் ஒருவரிடமிருந்து நேராகப் பிள்ளைக்கு இறங்கும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். இதற்குக் காரணமான மரபணு 16ஆம் குரோமோசோமில் எங்கோ இருக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீஃபன் ரீடர்ஸ் குழு 1985இல் காட்டியது. தெரு தெரிந்துவிட்டது, வீட்டு எண் தெரிய 1994 ஆனது. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு போர்ச்சுகீசியக் குடும்பம். தாய்க்கும் மகளுக்கும் நீர்க்கட்டி நோய். இருவருக்கும் 16ஆம், 22ஆம் குரோமோசோம்கள் ஓரிடத்தில் முறிந்து துண்டுகள் இடம் மாறியிருந்தன. முறிவு விழுந்த இடம் சரியாக அந்த மரபணுவின் நடுவே. பி.கே.டி.1 என்று பெயரிட்டார்கள். இரண்டாவது மரபணுவான பி.கே.டி.2, 4ஆம் குரோமோசோமில் 1996இல் கிடைத்தது. நோயின் ஓட்டத்தைத் தணிக்கும் மருந்தாக இன்றைக்கு இருக்கும் டோல்வாப்டான், ஜப்பானில் 2014இலும் அமெரிக்காவில் 2018இலும் அனுமதி பெற்றது. முதல் தடயத்திலிருந்து அமெரிக்க அனுமதி வரை 33 ஆண்டுகள். அதுவும் குணமாக்கும் மருந்து அல்ல. 1445 நோயாளிகளை வைத்து நடத்தி 2012இல் வெளியான சோதனையில், சிறுநீரகம் ஆண்டுக்கு 5.5 சதவீதம் பெருத்துக்கொண்டிருந்ததை 2.8 சதவீதமாக அது குறைத்தது. விலையாக, நாள் முழுவதும் தாகமும் ஓயாத சிறுநீரும். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு.

இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்த மருந்து மரபணுக் கண்டுபிடிப்பிலிருந்து பிறக்கவில்லை. அது வந்த வழியைத் தெரிந்துகொள்ள ஜாரெட் கிரந்தம் என்பவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். இத்துறையில் ஒரு ஆராய்ச்சி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். 1936இல் பிறந்து, கான்சாஸில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவர். 1960களில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மாரிஸ் பர்க்குடன் சேர்ந்து, முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒற்றை நுண்குழலை உருவியெடுத்து, அதற்குள் நீர் செலுத்திப் பார்க்கும் முறையை உருவாக்கினார். தலைமயிரைவிட மெல்லிய குழல் அது. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் பட்டதும் குழல் நீரை எப்படி இழுக்கிறது, அந்தச் செய்தியைச் செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு எப்படிக் கடத்துகிறது என்பதே அன்றைய கேள்வி. நீர்க்கட்டி நோயை அந்த வேலையில் யாரும் நினைத்திருக்கவில்லை. பின்னாளில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நீர்க்கட்டிகளின் பக்கம் திரும்பியபோது, கட்டியின் சுவரும் அதே குழல் செல்கள்தான் என்பதும், அதே சுழல் ஏ.எம்.பி. அந்தச் செல்களைப் பெருகவும் கட்டிக்குள் நீரைச் சுரக்கவும் தூண்டுகிறது என்பதும் தெரியவந்தன. அப்படியானால் வாசோபிரெசினை மறித்தால் என்ன? வின்சென்ட் கட்டோனும் உடன் பணியாற்றியவர்களும் நோயுள்ள எலிகளில் அதைச் செய்து பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். கட்டிகள் அடங்கின. டோல்வாப்டானும் அப்படி வாசோபிரெசினை மறிக்கும் மருந்துதான்.

கிரந்தத்திடம் நான் மிகவும் மதிப்பது இன்னொரு வேலை. இந்த நோயில் கட்டிகள் பெருத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மட்டும் ரத்தத்தில் பல ஆண்டுகள் அசையாது. மிச்சமிருக்கும் நல்ல திசு கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்வதே காரணம். கிரியேட்டினின் ஏறும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். இந்த நிலையில் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எதை வைத்து அளப்பது? எம்.ஆர்.ஐ. படத்தில் சிறுநீரகத்தின் மொத்தக் கனஅளவை ஆண்டுதோறும் அளக்கலாம் என்று அவரும் கூட்டாளிகளும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் நிறுவினார்கள்: ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ச்சி. அளவுகோல் கிடைத்த பிறகுதான் மருந்துச் சோதனையே சாத்தியமானது. பத்திரிகைகள் ‘மரபணு கண்டுபிடிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போடும். அளவுகோல் செய்தவரைப் பற்றி ஒரு வரியும் வராது. அவர் 2016இல் காலமானார். அமெரிக்க அனுமதி வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

குளத்துப் பாசி ஒன்று இந்தக் கதைக்குள் வந்ததையும் சொல்லியாக வேண்டும், எனக்குப் பிடித்த பகுதி இது. கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசிக்கு இரண்டு வால்கள் உண்டு. 1993இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ரோசன்பாம் ஆய்வகத்தினர், அந்த வால்களுக்குள் மேலும் கீழும் துகள்கள் ஓடுவதைக் கண்டார்கள். அந்தச் சரக்குப் போக்குவரத்துக்கு வேண்டிய புரதங்களில் ஒன்று, நீர்க்கட்டி நோய் கொண்ட ஒரு எலி வகையில் பழுதான புரதமே என்று 2000இல் தெரிந்தது. சிறுநீரகக் குழல் செல்களில் பெரும்பாலானவற்றில் அசையாத ஒற்றை இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; பழைய பாடநூல்கள் அதற்குப் பயன் எதுவும் சொல்லவில்லை. நீர்க்கட்டி நோய்களில் பெரும்பகுதி அந்த இழையின் கோளாறு என்ற இன்றைய புரிதல் பாசியிலிருந்து வந்தது. ஆகவே ‘சிறுநீரகம்’ என்று பலகை தொங்கும் ஆய்வகத்தை மட்டும் தேடாதீர்கள்.

இனி உறவுக்காரர்களின் பேச்சு. உங்கள் அம்மாவின் நோய்க்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் தொடர்பே இல்லை. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. இந்த நோய்க்கு ஒரு பழுதான பிரதி போதும். அப்புச்சியிடமிருந்து அம்மாவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. அம்மா யாரைக் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். சொந்தத் திருமணம் கணக்கில் வருவது வேறு வகை நோய்களில்: இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டும் வெளிப்படுபவை. நம் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு தவறான நிம்மதி உண்டு. ‘நாங்கள் ஒரே கூட்டத்தில் (குலத்தில்) கட்டுவதில்லை, காடைக் கூட்டத்தில் பிறந்தவன் ஆந்தைக் கூட்டத்தில்தான் பெண் எடுக்கிறான், பிறகு என்ன?’ என்பார்கள். கூட்டம் அப்பன் வழியில் மட்டும் போகிறது; மரபணு இரண்டு வழியிலும் வருகிறது. மாமன் மகள் வேறு கூட்டம், ஆனால் தாத்தா பாட்டி ஒன்றுதான். மாமன் மகளோ அத்தை மகளோ, அவர்களோடு நமக்குப் பொதுவான மரபணுப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று. அக்கா மகளோடு நான்கில் ஒன்று.

அந்த வகை நோய்கள்தான் கொங்கு நாட்டில் ஆராய்ச்சிக்குக் காத்திருக்கும் இடம் என்பது என் கருத்து. சிறு குழந்தைக்குச் சிறுநீரகக் கல் என்று வருவார்கள். ‘போர் தண்ணீர் சரியில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். நடக்கப் பழகும் வயதில் கல் என்றால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கல்லாக உறையும் ஆக்சலேட் என்ற பொருள் உடலில் மிகையாகச் சேரும் பரம்பரை நோயாக இருக்கலாம். ரத்தத்தில் அமிலம் சேரும் குழல் கோளாறாக இருக்கலாம். இரண்டாவதற்கு விலை குறைந்த கார மருந்தே போதும், காலத்தில் கண்டால் குழந்தை வளர்ந்துவிடும். முதலாவதற்கு லுமாசிரான் என்ற ஊசி 2020இல் அனுமதி பெற்றது. மரபணு அறிவிலிருந்து நேராகப் பிறந்த மருந்து அது. அதன் விலை நம் வீடுகளுக்கு எட்டுவதில்லை. மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு விலையைச் சொல்லும்போது அந்தத் தாய் தகப்பனின் முகத்தைப் பார்ப்பது இந்த வேலையின் ஒரு பகுதி, பாடத்திட்டத்தில் இல்லை.

வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்றால், குடும்ப வரைபடத்திலிருந்து. இதில் நம் ஊர் பெரிய கொடை. வீட்டில் மூத்த அப்பத்தாள் ஒருவர் இருந்தால் போதும். யார் யாருக்கு யாரைக் கட்டினார்கள், எந்த ஊரில் கொடுத்தார்கள், எந்தப் பிள்ளை தங்கவில்லை என்று நான்கு தலைமுறையையும் ஒரு மதியத்தில் சொல்லிவிடுவார். அதே வீட்டில் மறைப்பும் உண்டு. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் யாருக்கும் எந்த நோயும் இருக்காது. டயாலிசிஸில் இறந்த சித்தப்பா ‘சர்க்கரையில் போய்விட்டார்’. வந்தவர்கள் ரத்தம் எடுத்தது அடுத்த தோட்டத்துக்குத் தெரியக் கூடாது. நீங்கள் அந்த வீட்டுக்குள்ளிருந்து வருகிறவர்; வெளியிலிருந்து போகிறவர்களுக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். போர்ச்சுகீசியக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை, கிடைத்த மாற்றம் நோய்க்குக் காரணமா இல்லையா என்று தீர்ப்பது. ஒருவரின் எக்ஸோமை, அதாவது மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகளை மட்டும், வரிசைப்படுத்துவது இன்று எளிது, வாசிப்பதுதான் கடினம். மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, உலகத் தரவுத்தளங்களில் அது இல்லை. அரிய நோய் மாற்றமா, அல்லது நம் ஆட்களிடம் சாதாரணமாக இருந்து யாரும் பதியாததா? ‘பொருள் நிச்சயமற்ற மாற்றம்’ என்று எழுதி அனுப்புகிறோம். அதை வாங்கிய குடும்பத்துக்கு அந்தத் தாள் எதற்கும் உதவாது. இந்தியர்களின் 1008 மரபணுத் தொகுதிகளை மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2019இல் அறிவித்தது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேரின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முன்பைவிட நிலைமை எவ்வளவோ மேல். பி.கே.டி.1 தனித் தொல்லை: அதைப் போலவே எழுத்துகள் கொண்ட, வேலை செய்யாத ஆறு போலிப் பிரதிகள் அதே குரோமோசோமில் இருக்கின்றன. ஒரே ஊரில் ஏழு பழனிசாமி இருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாடுதான். சாதாரண எக்ஸோம் சோதனை ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னாலும் இந்த ஒரு மரபணு விஷயத்தில் நம்பிவிடக் கூடாது.

உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் இரண்டும் கலந்தே பேசப்படும். மரபணுவும் பாதி வாய்ப்புக் கணக்கும் உறுதி. ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டின் பயன் உறுதி. பி.கே.டி.1 பழுதைவிடப் பி.கே.டி.2 பழுது மெதுவாக நகரும் என்பது பொதுவாக உறுதி, ஆனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலேயே பெரிய வேறுபாடு வரும். நிறையத் தண்ணீர் குடித்தால் கட்டி வளராது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். வாசோபிரெசின் குறையும் என்பது காரணம். 2022இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவின் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கட்டிகளைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் பொட்டாசியம் சேரும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் குடிப்பது ஆபத்து. இன்னொரு பக்கம், பழுதான மரபணுவை எலியில் மீண்டும் இயங்க வைத்தபோது பெருத்த கட்டிகள் சுருங்கியதை யேலில் ஸ்டெஃபான் சோம்லோ குழு 2021இல் காட்டியது. கெட்டுப்போன சிறுநீரகம் மீண்டும் சீராகலாம் என்று அதற்கு முன் பலர் நினைக்கவே இல்லை. மனிதரில் அது நடக்குமா என்பது திறந்த கேள்வி. நீங்கள் நுழையும் காலத்தின் நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் தொட வேண்டியிருக்கிறது. அந்தப் பாதி வாய்ப்பு உங்களுக்கும் உண்டு. சோதித்துப் பார்ப்பதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. அம்மாவோ வரப்போகும் மாமியாரோ எடுக்க வேண்டியது அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும்போது, 15 முதல் 39 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து மூன்று கட்டிகள் ஸ்கேனில் தெரிந்தால் நோய் இருப்பதாகக் கொள்வார்கள். உங்கள் வயதில் ஸ்கேன் சுத்தமாக இருப்பது முழு விடுதலை ஆகாது. 40 தாண்டியும் கட்டி இல்லையென்றால் ஏறக்குறைய நிம்மதி அடையலாம். எப்படியானாலும் ரத்த அழுத்தத்தை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாளை ஆய்வகத்தில் கருவி உங்கள் கையில் இருக்கும். உங்கள் ரத்தத்தை நீங்களே ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். ஆய்வகத்தின் முடிவு மருத்துவச் சோதனை முடிவு அல்ல. அதைப் படித்துச் சொல்ல ஒரு மரபணு ஆலோசகர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன், இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அடுத்து எம்.எஸ்சி. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் துறை இருக்கிறது. வெளியே போக முடியுமென்றால் காட்-பி, ஜாம் நுழைவுத் தேர்வுகள் எழுதுங்கள். எங்கே சேர்ந்தாலும், நூறு நோயாளி, நூறு ஆரோக்கியர், ஒரே ஒரு மரபணு மாற்றம் என்று எடுத்து ‘தொடர்பு உண்டு’ என்று முடிக்கும் திட்டப்பணியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஏ.சி.இ. என்ற மரபணுவை வைத்து நம் கல்லூரிகளில் குவிந்திருக்கும் அத்தகைய ஆய்வேடுகளால் ஒரு நோயாளிக்கும் ஒன்றும் நடக்கவில்லை. புள்ளியியலும் கணினியில் வரிசைத் தரவைக் கையாளுவதும் உங்களுக்குச் சொந்தமாக வர வேண்டும், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை யாரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள் கழித்து 42,000. உதவித்தொகை தாமதமாக வருவதும் உண்டு, கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டுகள். அதன் பிறகு வெளியிலோ உள்ளேயோ மூன்று முதல் ஐந்து ஆண்டு முதுமுனைவர் ஆய்வு. சொந்த ஆய்வகம் என்று பார்த்தால் முப்பத்தைந்து வயது ஆகிவிடும். அதற்குள் உங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எத்தனை முறை எழும் என்று கோபிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் சொந்த ஆய்வகம் வரை போவதில்லை. மரபணு ஆலோசகராக, நோயறி ஆய்வகத்தில் மாற்றங்களை வாசிப்பவராக நிற்பவர்கள் பலர். நம் மாவட்டங்களில் அவர்கள்தான் இன்னும் அதிகம் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

விண்ணப்பத்தில் அம்மாவைப் பற்றி எழுதலாமா என்றால், எழுதலாம், ஒரே ஒரு வாக்கியம், பெயரும் மருத்துவ விவரமும் இல்லாமல், அம்மாவிடம் கேட்டுவிட்டு. நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் அதைப் படித்து இரக்கப்படுவார்கள், ஆனால் இரக்கத்துக்கு இடம் தரமாட்டார்கள். அடுத்த வாக்கியத்தில் நீங்கள் ஒரு கேள்வி வைக்க வேண்டும். உதாரணமாக: உடலின் எல்லாச் செல்லிலும் அதே பழுது இருக்கும்போது நூற்றில் ஓரிரு குழல்கள் மட்டும் ஏன் கட்டியாகின்றன? இரண்டாவது பிரதியும் அந்தச் செல்லில் பழுதாவதே காரணம் என்று 1996இல் ஒரு விடை வந்தது. அது முழு விடையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நேர்காணலுக்கு முன் படித்துவிட்டுப் போங்கள், நிச்சயம் அதில்தான் துருவுவார்கள்.